ஓ.டி.பி. கொடுத்து வாங்கிவிட்டதால் உரிமை போய்விடாது

கேள்வி: கருங்கல் பக்கத்தில் வீட்டிலிருந்தே துணி தைத்துப் பிழைக்கிறேன். திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு கடையின் இணையதளத்தில், எம்பிராய்டரி வசதியுள்ள தையல் இயந்திரம் ஒன்றை 42,800 ரூபாய்க்கு கிரெடிட் கார்டில் வாங்கி, 6 மாதத் தவணையாக மாற்றினேன். ஜூன் 9-ஆம் தேதி வந்து சேர்ந்தது. மூன்றாம் நாளே தையல் விட்டுவிட்டு விழத் தொடங்கியது; கீழ்நூல் சிக்குகிறது; எம்பிராய்டரி போட்டால் நின்றுவிடுகிறது. 14-ஆம் தேதி வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினேன். "கம்பெனி சர்வீஸில் பாருங்கள்" என்று பதில் வந்தது. மார்த்தாண்டத்தில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனபோது, உள்ளே உள்ள தண்டு வளைந்திருக்கிறது, இது செய்யும்போதே வந்த கோளாறு என்று மெக்கானிக் வாயால் சொன்னார். மாற்றித் தரக் கேட்டதற்கு, பில்லிலேயே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சிட்டிருக்கிறதே என்று ஜூலை 1-ஆம் தேதி போனில் கைவிரித்துவிட்டார்கள். வங்கிக் கிளையில், "ஓ.டி.பி. கொடுத்துத்தானே வாங்கினீர்கள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்கள். கார்டை யாரோ திருடிப் பயன்படுத்தியதாக எழுதிக் கொடுத்தால் பணம் வந்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். தவணையைக் கட்டாமல் நிறுத்திவிடு என்கிறார் இன்னொருவர். நேர்த்தையல் மட்டும் ஓரளவு விழுவதால் அவசர வேலையை அதிலேயே தைத்துக்கொண்டிருக்கிறேன். ஓணத்துக்கு வரும் தையல் வேலையைத்தான் நம்பியிருக்கிறேன். மகள் கல்லூரியில் படிக்கிறாள். பட்டன் கட்ட ஒரு பெண் வருகிறார்; அதனால் ஏதும் சிக்கல் வருமோ? என்ன செய்யலாம்?

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

வங்கியில் நான் பணியாற்றிய காலத்தின் கடைசி ஒன்பது ஆண்டுகள் அட்டைப் புகார்களைப் பார்க்கும் பிரிவில் கழிந்தன. நியாயம் முழுவதும் தம் பக்கம் இருந்தும், எழுதக்கூடாத ஒன்றை எழுதியதாலோ எழுத வேண்டிய ஒன்றை எழுதாமல் விட்டதாலோ பணத்தை இழந்தவர்கள் பலரை அங்கே பார்த்தவன் என்பதால், உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் மனத்தில் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் உறவினர் இருவரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் அந்த இரண்டில் எதையும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். கிளையில் சொல்லப்பட்ட பதிலும் சரியானதல்ல.

ஓ.டி.பி. என்பது, அந்தப் பணத்தைச் செலுத்தியவர் நீங்கள்தான் என்பதற்கு மட்டுமே சான்று. வந்த பொருள் நல்லதா, பழுதா என்பதற்கு அது எந்த வகையிலும் சான்றாகாது. பணம் செலுத்தியதை நீங்களும் மறுக்கவில்லை. செலுத்திய பணத்துக்கு உரிய பொருள் வரவில்லை, வந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் விற்றவர் மறுக்கிறார் என்பதே உங்கள் புகார். பணத்தை நான் செலுத்தவே இல்லை என்ற புகாருக்கும், வந்த பொருள் சரியில்லை என்ற புகாருக்கும் அட்டை நிறுவனங்களின் விதிகளில் தனித்தனி இடம் உண்டு. கிளையில் பெரும்பாலும் மோசடிப் புகார்களையே பார்த்துப் பழகியிருப்பதால், எதைச் சொன்னாலும் ஓ.டி.பி.யைப் பற்றிக் கேட்பது அங்கே வழக்கமாகிவிட்டது. அட்டைப் புகாரை முடிவு செய்யும் அதிகாரமும் பொதுவாகக் கிளைக்கு இருப்பதில்லை. அதைப் பார்க்கும் மையப் பிரிவு வேறொரு ஊரில் இருக்கும். ஆகவே அந்தக் கவுண்டரில் கிடைத்த பதிலை வங்கியின் முடிவாக நீங்கள் கொள்ள வேண்டாம்.

கார்டை யாரோ பயன்படுத்திவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த யோசனை நம் ஊர்களில் வாய்வழியாக மிகவும் பரவியிருக்கிறது. அப்படி எழுதியவுடன் கார்டு முடக்கப்படும். வங்கி விசாரித்தால், உங்கள் கைபேசிக்கு வந்த ஓ.டி.பி.யும், உங்கள் வீட்டு விலாசத்தில் பொருளைப் பெற்றுக்கொண்ட கையெழுத்தும், "மாற்றித் தாருங்கள்" என்று நீங்களே கடைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் முன்னால் வந்து நிற்கும். அன்றோடு அந்தப் புகார் முடிந்துவிடும். பிறகு உண்மையைச் சொல்லி இன்னொரு புகார் கொடுத்தாலும், முன்பு எழுதிக் கொடுத்ததற்கு முரணாக இருப்பதால் அதை நம்ப ஆள் இருக்காது. என் மேசைக்கு வந்த ஒரு புகாரில், கிணற்று மோட்டார் வாங்கி இரண்டாம் நாளே அதன் கம்பிச்சுருள் எரிந்துபோன ஒரு விவசாயி, யாரோ சொல்லிக் கொடுத்தபடி "இந்தப் பரிவர்த்தனை நான் செய்யவில்லை" என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டார். மோட்டார் பழுது என்பதில் எங்கள் யாருக்கும் ஐயமே இருக்கவில்லை. ஆனால் அவர் கையெழுத்திட்ட படிவம் வேறொன்றைச் சொன்னது, எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த மனிதர் திரும்பிப் போனது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

நீங்கள் கேட்க வேண்டியதன் பெயர் சார்ஜ்பேக். உங்கள் வங்கி, வீசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற அட்டை அமைப்பின் வழியாக, கடைக்காரரின் வங்கியிடமிருந்து அந்தத் தொகையைத் திரும்பக் கேட்கும் நடைமுறை அது. கடைக்காரரின் வங்கி அவரிடம் விளக்கம் கேட்கும். அவர் பதில் தராவிட்டாலும், தந்த பதில் நிற்காவிட்டாலும் பணம் உங்கள் கணக்குக்குத் திரும்பும். இது அட்டை அமைப்புகள் தமக்குள் வகுத்துக்கொண்ட விதி. நம் நாட்டில் இதை ஒரு சட்டம் உங்களுக்கு நேரடியாக வழங்கவில்லை. பழுதான பொருளுக்கு அட்டை வழங்கிய வங்கியே பொறுப்பு என்று இணையத்தில் எழுதப்பட்டிருப்பதைப் படித்துவிட்டு வங்கியோடு வாதாடுபவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தையோ, அமெரிக்காவின் சட்டங்களையோ பற்றியவை, இங்கே செல்லா. நமக்கு இங்கே உள்ள வழி, விதி கேட்கும் ஆவணங்களை விதி கேட்கும் வரிசையில் வைப்பதுதான்.

அதற்குக் காலவரம்பு உண்டு. பழுதான பொருள் என்ற வகையில் வீசாவிலும் மாஸ்டர்கார்டிலும் பொதுவான வரம்பு 120 நாள். பொருள் பின்னர் வந்து சேரும் வாங்கல்களில், அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இதைக் கணக்கிடலாம். உங்களுக்கு ஜூன் 9-இல் வந்தது என்பதால் அக்டோபர் 7-ஆம் தேதியோடு அது முடிகிறது. அதுவரை நாள் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், ஏனென்றால் இந்த நாள் கணக்கு உங்கள் வங்கி அட்டை அமைப்பில் கோரிக்கையைப் பதிவதற்கானது. நீங்கள் வங்கியிடம் கொடுப்பதற்கு வங்கி தன் படிவத்தில் இதைவிடக் குறைந்த காலத்தையே வைத்திருக்கக்கூடும். உங்களிடம் இருப்பது ரூபே அட்டை என்றால் அதற்குத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் விதிகள் தனி. எந்த அட்டையானாலும் இன்றே அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணை அழைத்து, பழுதான பொருள் பற்றிய டிஸ்பியூட் என்று சொல்லிப் பதிந்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆவணங்களைப் பின்னர் சேர்க்கலாம். இணையத்தில் தேடிக் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்களை மட்டும் அழைக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்கும் மோசடிக்காரர்கள் காத்திருப்பது அந்தப் போலி எண்களில்தான்.

இனி, உங்கள் புகாரில் இன்று இல்லாத, ஆனால் இருந்தே ஆக வேண்டிய ஒன்றுக்கு வருகிறேன். "இந்தப் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நீங்கள் விற்றவரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறீர்களா? வீடியோ அனுப்பினீர்கள், போனில் கேட்டீர்கள், அவர் போனில் மறுத்தார். வங்கியின் பார்வையில், போனில் நடந்தது நடக்கவே இல்லை. பழுதான பொருளை வாங்கியவர் திருப்பி அனுப்பினார், அல்லது திருப்பித் தர முன்வந்தார் என்பதுதான் இந்த வகைச் சார்ஜ்பேக்குக்கு அடித்தளம். அது எழுத்தில் இல்லாவிட்டால், மற்ற ஆவணங்கள் எத்தனை இருந்தாலும் கடைக்காரரின் வங்கி "அவர் எங்களிடம் திருப்பித் தரவே இல்லையே" என்ற ஒரே வரியில் உங்கள் கோரிக்கையைத் தள்ளிவிடும். அவர் ஒத்துக்கொள்ளாத நிலையில் அந்த எடையுள்ள பெட்டியைப் பார்சல் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டியதில்லை. வந்து எடுத்துச் செல்ல ஆயத்தமாக வைத்திருக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும்.

ஆகவே இந்த வாரத்துக்குள் ஒரு கடிதம் எழுதுங்கள். வாட்ஸ்அப்பிலும், பில்லில் உள்ள மின்னஞ்சலிலும், ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒரே கடிதம் போகட்டும். தபால் சீட்டையும், அது சேர்ந்ததற்கான இணையப் பதிவையும் எடுத்து வையுங்கள். வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: "தங்களிடமிருந்து இன்ன பில் எண்ணில் 42,800 ரூபாய்க்கு நான் வாங்கிய, இன்ன சீரியல் எண் கொண்ட தையல் இயந்திரம் ஜூன் 9-ஆம் தேதி எனக்குக் கிடைத்தது. ஜூன் 12 முதல் அது தையல் விடுகிறது, எம்பிராய்டரி வேலையில் நின்றுவிடுகிறது. ஜூன் 14-ஆம் தேதி இதைத் தங்களுக்கு வீடியோவுடன் தெரிவித்தேன். தாங்கள் கூறியபடி ஜூன் 20-ஆம் தேதி சர்வீஸ் சென்டரில் காட்டியபோது உள்தண்டு வளைந்திருப்பது தெரியவந்தது. இதை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ முடியாது என்று ஜூலை 1-ஆம் தேதி தொலைபேசியில் தெரிவித்தீர்கள். இயந்திரத்தை அதன் பெட்டியுடனும் எல்லா உதிரிகளுடனும் திருப்பித் தர ஆயத்தமாக வைத்திருக்கிறேன். எந்த வேலை நாளிலும் தங்கள் ஆளை அனுப்பி எடுத்துச் செல்லலாம். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் மாற்று இயந்திரமோ முழுத் தொகையோ தர வேண்டுகிறேன்." நான் ஜூன் 20 என்று எழுதியது ஊகம், மார்த்தாண்டத்துக்கு நீங்கள் போன சரியான தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள். கோபமான சொல் ஒன்றுகூட வேண்டாம். வழக்குப் போடுவேன் என்ற மிரட்டலும் வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கடைக்காரர் மட்டுமல்ல, நாளை அவருடைய வங்கியில் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரியும் படிப்பார் என்று எண்ணி எழுதுங்கள்.

15 நாள் என்று நான் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. பொருளைத் திருப்பித் தந்த, அல்லது திருப்பித் தர முன்வந்த நாளிலிருந்து 15 நாள் விற்றவருக்கு அவகாசம் தந்த பிறகே வங்கி கோரிக்கையை முன்னெடுக்க வேண்டும் என்பது வீசாவின் விதி. இப்போது கடிதம் போனால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் உங்கள் கோரிக்கை முழு உருவம் பெற்றுவிடும்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்று தெரியும். அந்த இயந்திரத்தில் தைப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஓணத்துக்கு வரும் தையல் வேலையை நம்பியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கையில் வேலை இருக்கும்போது ஓடுகிற இயந்திரத்தை மூடி வை என்று சொல்வது எளிதல்ல. ஆனால் பழுது என்று புகார் கொடுத்துவிட்டு அதிலேயே தினமும் தைத்தால், இரண்டு வகையில் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். "பயன்படுத்திக்கொண்டுதானே இருக்கிறார், பிறகு என்ன பழுது?" என்று கடைக்காரர் கேட்பார்; வளைந்த தண்டோடு ஓட்டியதில் வேறு பாகமும் கெட்டுவிட்டால், எல்லாமே நீங்கள் ஓட்டியதால் கெட்டது என்றும் சொல்வார். பழைய இயந்திரம் ஒன்றை யாரிடமாவது வாடகைக்கு எடுங்கள், வாடகைக்குத் தேதியிட்ட ரசீது வாங்கி வையுங்கள். சார்ஜ்பேக்கில் அந்த வாடகை கிடைக்காது; ஆனால் பின்னால் நான் சொல்லும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் இழப்பீடு கேட்க அது உதவும். இயந்திரத்தை மூடுவதற்கு முன், சீரியல் எண் தெரியும்படி தொடங்கி, நூல் கோர்ப்பது, தையல் விடுவது, எம்பிராய்டரியில் நிற்பது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து, தைத்த துணித்துண்டையும் பத்திரப்படுத்துங்கள். தெர்மோகோலும் பெட்டியும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

மெக்கானிக் வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குவதுதான் உங்கள் கையில் உள்ள அடுத்த பெரிய வேலை. கம்பெனியின் சர்வீஸ் சென்டர் என்பதால் ஜாப் கார்டு, அதாவது பழுதுபார்ப்புப் பதிவுச் சீட்டு, போட்டிருப்பார்கள். அதன் நகலைக் கேளுங்கள். அதில் தேதி, சீரியல் எண், என்ன பழுது கண்டார்கள் என்பது இருக்க வேண்டும். "சரிசெய்யப்பட்டது, வாடிக்கையாளர் திருப்தி" என்று எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அவர்கள் எழுதித் தரத் தயங்கினால், தொழில் தெரிந்த வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, கடை முத்திரையுடன் அவருடைய கருத்தை வாங்கலாம், ஆனால் அவர் பாகங்களைக் கழற்ற வேண்டாம். அந்தக் குறிப்பில் ஒரு வரி இருந்தால் உங்களுக்குப் பெரிய துணை: கோளாறு இயந்திரப் பாகத்தில் இருக்கிறது, மோட்டாரிலோ மின் பலகையிலோ அல்ல என்பதே அது. மின்சாரத்தில் இயங்கும் எந்தப் பொருள் பழுதானாலும் விற்றவர் சொல்லும் முதல் காரணம் வோல்டேஜ் ஏற்ற இறக்கம்தான். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில் நம் மாவட்டத்தில் மரக்கிளை விழுந்து மின்சாரம் போவதும் வருவதும் எல்லாருக்கும் தெரியும் என்பதால், ஜூன் மாதம் வாங்கிய பொருளுக்கு அந்தக் காரணம் கேட்பவர் காதில் பொருத்தமாகவே விழும். எஃகுத் தண்டு வோல்டேஜால் வளையாது என்பதை மெக்கானிக்கின் சீட்டு சொல்லட்டும்.

பில்லில் அச்சிட்ட அந்த வாசகத்தைக் கண்டு நீங்கள் கலங்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு நேர்மையற்ற வணிக நடைமுறைகளை வரிசைப்படுத்தும் இடத்தில், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சொல்கிறது. பில்லில் திருப்பித் தரும் காலம் குறிக்கப்பட்டிருந்தால் அதற்குள்ளும், குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள்ளும் விற்றவர் அதைச் செய்ய வேண்டும். பொருள் கிடைத்த ஐந்தாம் நாளே நீங்கள் வாட்ஸ்அப்பில் தெரிவித்துவிட்டீர்கள். நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்று மனம் மாறித் திருப்பிக் கொடுக்க வருபவரிடம் கடைக்காரர் அந்த வாசகத்தைக் காட்டலாம். பழுதோடு வந்த பொருளுக்கு அது கேடயமாகாது. இணையத்தில் விற்பவர்களுக்கு 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் உண்டு. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று அவையும் சொல்கின்றன. குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகின்றன. அந்தக் கடையின் இணையதளத்தில் அவருடைய பெயரும் தொடர்பும் இருந்தால் உங்கள் கடிதத்தின் ஒரு நகல் அவருக்கும் போகட்டும்.

வங்கியின் டிஸ்பியூட் படிவத்தில் பல கட்டங்கள் இருக்கும். பரிவர்த்தனை நான் செய்யவில்லை, பொருள் வரவில்லை, இருமுறை பிடித்தம், திருப்பி அனுப்பியும் பணம் வரவில்லை, பொருள் பழுது அல்லது சொன்னபடி இல்லை என்று அவை போகும். நீங்கள் குறி போட வேண்டியது கடைசியில் சொன்ன ஒன்றில் மட்டுமே. "திருப்பி அனுப்பியும் பணம் வரவில்லை" என்பதும் பொருத்தம்போலத் தோன்றும். ஆனால் அது கடைக்காரர் பணம் தர ஒப்புக்கொண்டுவிட்டுத் தராத வழக்குகளுக்கானது, அங்கேதான் கடையின் திருப்பியளிக்கும் நிபந்தனைகளைப் பற்றிய பேச்சும் எழும். முழுப் பொருளையும் திருப்பித் தருவதால் முழுத் தொகையையும் கோருங்கள். கல்லூரியில் படிக்கும் உங்கள் மகளைக் கொண்டு, நடந்ததைத் தேதி வரிசையில் ஒரு பக்க அளவில் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். தமிழில் உள்ள வாட்ஸ்அப் செய்திகளுக்கும் பக்கத்திலேயே மொழிபெயர்ப்பு இருக்கட்டும். நம் மொழி குறைந்ததென்பதற்காகச் சொல்லவில்லை; அந்தக் காகிதங்களைப் பார்ப்பவர் மும்பையிலோ சென்னையிலோ எங்கே இருப்பார் என்று நமக்குத் தெரியாது. எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, ஒரு நகலைக் கிளையிலும் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கடையிலிருந்து வந்த "கம்பெனி சர்வீஸில் பாருங்கள்" என்ற அந்த வாட்ஸ்அப் பதில், பழுதைப் பற்றி அவருக்கு 14-ஆம் தேதியே தெரியும் என்பதற்குச் சான்று. கைபேசியை மாற்றினாலும் அது அழிந்துபோகாதபடி இப்போதே படமெடுத்து வையுங்கள்.

தவணையைப் பற்றி. நீங்கள் இ.எம்.ஐ.யாக மாற்றிய அன்றே கடைக்காரரோடு அந்தப் பணத்துக்கு உள்ள தொடர்பு முடிந்துவிட்டது. அவருக்குரிய முழுத் தொகையும் போய்விட்டது, தவணை இப்போது உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலானது. கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணமும் வட்டியும் அவற்றின் மேல் ஜி.எஸ்.டி.யும் ஏறும், கடன் தகவல் நிறுவனங்களில் உங்கள் பதிவும் கெடும். கடைக்காரருக்கு இதனால் ஒரு ரூபாய்கூட நட்டம் வராது. புகார் நடக்கும்போது கட்டணம் விதிக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் அட்டை விதிமுறைகள் சொல்வது, மோசடி என்று புகார் செய்யப்பட்ட பரிவர்த்தனைகளைப் பற்றி மட்டும். உங்களுடையது அந்த வகையில் வராது. ஆகவே சிரமமாக இருந்தாலும் தவணையைக் கட்டிவாருங்கள். சார்ஜ்பேக்கில் வென்றால் அந்தத் தொகை கார்டுக் கணக்கில் வரவாகும். அதனால் தவணைக் கடன் தானாக மூடிவிட்டதாக எண்ண வேண்டாம். தவணையை ரத்துசெய்து அதுவரை கட்டிய வட்டியையும் முன்கூட்டி முடிக்கும் கட்டணத்தையும் நீக்கித் தரும்படி தனியாக எழுதிக் கேளுங்கள்.

கோரிக்கை பதிவானதும் சில வங்கிகள் தற்காலிக வரவு ஒன்றைப் போடும். அதைக் கண்டு பணம் வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். கடைக்காரருக்குப் பதில் சொல்ல நாள் உண்டு. அவர் பொருள் சேர்ந்த கையெழுத்தையும், பில் நிபந்தனையையும், "சர்வீஸ் செய்து தருகிறோம் என்றோம், அவர் கேட்கவில்லை" என்ற விளக்கத்தையும் அனுப்புவார். அப்போது உங்கள் வங்கி அவற்றை உங்களுக்கு அனுப்பி, சில நாளுக்குள் மறுமொழி கேட்கும். நியாயமான கோரிக்கைகள் அதிகமாகத் தோற்றதை நான் பார்த்தது இந்தக் கட்டத்தில்தான். மின்னஞ்சல் ஸ்பேம் பகுதிக்குப் போயிருக்கும், அல்லது வங்கியின் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்துத் திறந்திருக்க மாட்டார்கள். நாள் கடந்து வரவைத் திரும்ப எடுத்த பிறகே தெரியவரும். அடுத்த சில மாதங்களுக்கு மின்னஞ்சலைத் தினமும் பார்க்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். சர்வீஸ் என்று அவர் சொல்வதற்கு உங்கள் மறுமொழி எளியது: அவர் சொன்னபடியே சர்வீஸ் சென்டருக்குப் போனீர்கள், அங்கே கண்டது உற்பத்திக் கோளாறு, சீட்டு இதோ.

வங்கி படிவத்தையே வாங்க மறுத்தாலோ, 30 நாளாகியும் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதன் ஒருங்கிணைந்த திட்டத்தின்படி இணையத்திலேயே இலவசமாகப் புகார் பதியலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உள்ளது. அவர் பார்ப்பது வங்கி தன் கடமையைச் செய்ததா என்பதை மட்டும். இயந்திரம் பழுதா என்று அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், கடைக்காரரை அழைக்கவும் மாட்டார். எனவே அங்கே எழுதும்போது கடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதாமல், வங்கி எந்தத் தேதியில் எதைச் செய்யத் தவறியது என்று மட்டும் எழுதுங்கள்.

சார்ஜ்பேக் தோற்றாலும் கடைக்காரர் மீதான உங்கள் உரிமை அப்படியே இருக்கிறது. அவர் கேரளத்தில் இருக்கிறார், வழக்குக்குத் திருவனந்தபுரம் அலைய வேண்டுமே என்ற அச்சத்தில்தான் நம் மாவட்டத்துக்காரர்கள் பலர், விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்திலிருந்து அங்கே போய்ப் பொருள் வாங்கி ஏமாந்தவர்கள், பேசாமல் இருந்துவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றிவிட்டது. புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், நாகர்கோவிலில் உள்ள நம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்கள் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுத்தால் போதும். பழுதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கடையோடு உற்பத்தி நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே உங்களுக்கு எதிராக ஒரு வாதம் வரும்: "இவர் இதைத் தொழிலுக்கு வாங்கினார், ஆகவே நுகர்வோர் அல்ல." சட்டத்தின் விளக்கமே இதற்கு விடை தருகிறது. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள், வணிக நோக்கத்தில் சேராது. உதவிக்கு ஒருவரோ இருவரோ இருந்தாலும் அந்த நிலை மாறுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டு லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் விளக்கியிருக்கிறது. பட்டன் கட்ட வரும் அந்தப் பெண்ணைக் குறிப்பிட்டுவிட்டு அதனால் சிக்கல் வருமோ என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள், வராது. ஆனால் "வீட்டிலிருந்து நானே தைத்துப் பிழைக்கிறேன், இது என் வாழ்வாதாரம்" என்ற வரி உங்கள் மனுவில் தெளிவாக இருக்க வேண்டும்.

வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகார் பதியுங்கள். அவர்கள் கடையைத் தொடர்புகொண்டு பேசுவார்கள். அந்தப் புகார் எண்ணும் நீங்கள் முயன்றதற்கான சான்றாகச் சேரும்.

உங்கள் கடிதமோ வங்கியின் கேள்வியோ போய்ச் சேர்ந்ததும் கடையிலிருந்து அழைப்பு வர வாய்ப்பு மிகுதி. வங்கிப் புகாரைத் திரும்பப் பெறுங்கள், மறுநாளே மாற்றித் தருகிறோம் என்பார்கள். மாற்று இயந்திரம் உங்கள் வீட்டில் வந்து ஓடிப் பார்த்த பிறகோ, பணம் கணக்கில் ஏறிய பிறகோ மட்டுமே திரும்பப் பெறுங்கள். ஒரு முறை திரும்பப் பெற்ற கோரிக்கையை மறுபடி எழுப்புவது மிகக் கடினம். பணமோ இயந்திரமோ வந்துவிட்டால் அன்றே வங்கிக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. பழைய இயந்திரத்தை எடுக்க ஆள் வந்தால், சீரியல் எண், தேதி, "பழுதுக்காகத் திரும்பப் பெறப்பட்டது" என்ற வாசகம், வந்தவரின் பெயரும் கையெழுத்தும் கொண்ட சீட்டு இல்லாமல் பெட்டியை வாசல் தாண்ட விடாதீர்கள். கொடுக்கும்போது மகள் கைபேசியில் அதைப் படமெடுத்துக்கொள்ளட்டும்.